ஓருடல் ஈருயிர் – அத்தியாயம் 6: விதைநெல்

பெல்கிரேடிலிருந்து கிளம்பிய விமானம் பாரிஸில் இறங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அதில் வந்த ஆறு பேரையும் அன்று பார்த்தவர்கள், இவர்கள் சாவின் விளிம்பில் நிற்கிறார்கள் என்றால் நம்பியிருக்கமாட்டார்கள். எலும்பு முறியவில்லை; ரத்தம் சிந்தவில்லை. ஆனால் அந்த எலும்புகளுக்குள் ரத்தம் ஊறும் ஊற்று வற்றத் தொடங்கியிருந்தது.

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1958 அக்டோபர் 15. யூகோஸ்லாவியாவின் தலைநகர் பெல்கிரேடுக்குப் பக்கத்தில் வின்ச்சா அணு ஆய்வு நிலையம். அங்கே இருந்தது சிறிய சோதனை உலை. யுரேனியத் தண்டுகள் தொங்கும் தொட்டியில் கனநீரை ஏற்ற ஏற்ற அணுப்பிளவு கூடும். வெறும் சோதனைக்காகக் கட்டியது என்பதால் சுற்றிலும் தடுப்புச் சுவர் கிடையாது. அளவு பார்க்க மூன்று கருவிகள் இருந்தன. நீரைக் கொஞ்சம் உயர்த்தியபோது இரண்டு கருவிகள் நிதானமாக ஒரே அளவைக் காட்டின. மூன்றாவது தாறுமாறாகத் துள்ளியது. பழுது என்று நினைத்து அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

உண்மை நேர்மாறானது. துள்ளிய கருவிதான் சரியாக வேலை செய்தது. மற்ற இரண்டும் தங்களால் காட்ட முடிந்த உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றிருந்தன.

சில நிமிடங்கள் கழித்து ஆய்வாளர் ஒருவரின் மூக்கில் ஒரு நெடி ஏறியது. இடி இடித்து மழை ஓய்ந்ததும் காற்றில் ஒரு காரமான வாடை வருமே, அந்த வாடை. ஓசோன். கதிர்வீச்சு காற்றையே பிளக்கும்போது பிறக்கும் வாயு. மூக்கு சொன்னதைக் கேட்டு உலையை நிறுத்தினார்கள். அதற்குள் ஆறு பேரின் உடலையும் நியூட்ரான்களும் காமாக் கதிர்களும் ஊடுருவிவிட்டன.

மறுநாளே யாரும் விழவில்லை. ரத்தத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் ஓர் ஆயுள் உண்டு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். தட்டணு எட்டு, பத்து நாள். கிருமியோடு முதலில் மோதும் வெள்ளையணுவுக்கு ஒரு நாள்கூட நிச்சயமில்லை. ஆரோக்கியமான மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்களைப் புதிதாக உண்டாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது நின்றால், குளத்துக்கு வரும் வாய்க்கால் அடைபட்ட மாதிரி. இருக்கிற தண்ணீர் சில நாள் தாங்கும். பிறகு சேறு தெரியும்.

பாரிஸின் கியூரி மருத்துவமனையில் சேறு தெரியத் தொடங்கியது. முடி கொட்டியது. வெள்ளையணு, தட்டணு எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் சரிந்தது. சிகிச்சைக் குழுவில் முன்னின்றவர் ஜார்ஜ் மாத்தே. வயது 36. போர்க்காலத்தில் நாஜிகளை எதிர்த்து இயங்கியவர். அவர் முன் ஒரு வழி இருந்தது. எலிகளில் செய்து பார்த்தது, மனிதர்களிடம் தோற்றது. முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் டோனல் தாமஸ் ஆறு நோயாளிகளுக்குப் பிறர் மஜ்ஜையைச் செலுத்திப் பார்த்திருந்தார். இருவருக்கு மட்டும் கொஞ்ச நாள் ஒட்டியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

இங்கே ஒரு வாசகி அனுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “ரத்தம் கொடுக்க வகை பொருந்தினால் போதும் என்கிறார்கள். மஜ்ஜைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு?”

ரத்தம் கொடுப்பது அரிசி கொடுப்பது போல. வாங்கியவர் சமைத்துச் சாப்பிடுவார், தீர்ந்துபோகும். மஜ்ஜை கொடுப்பது விதைநெல் கொடுப்பது. அது அந்த நிலத்தில் முளைக்க வேண்டும், வேர் பிடிக்க வேண்டும், காலம் முழுக்க விளைய வேண்டும். இரண்டு பேர் சம்மதித்தால்தான் அது நடக்கும்: நிலமும் சம்மதிக்க வேண்டும், விதையும் சம்மதிக்க வேண்டும். இந்தத் தொடரின் கதை முழுவதும் அந்த இரண்டாவது சம்மதத்தை மனிதன் எப்படிக் கண்டுகொண்டான் என்பதுதான்.

யாரிடம் கேட்பது? நோயாளிகளின் உறவினர்கள் யூகோஸ்லாவியாவில். நேரமோ இல்லை. மாத்தேயின் குழு பாரிஸ்காரர்களிடமே கேட்டது. ஐந்து பேர் முன்வந்தார்கள். அவர்களில் ஒருவர் நான்கு பிள்ளைகளின் தாய். இன்னொருவர் மாத்தேயோடு வேலை செய்த மருத்துவர் லெயோன் ஷ்வார்ட்சன்பேர். பின்னாளில், 1988-ல், பிரான்ஸின் சுகாதார அமைச்சராக ஒன்பது நாள் இருந்தவர். யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாது. வாங்குபவரின் மொழி தெரியாது. கொடுப்பதால் தனக்கு என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல அன்று எந்த மருத்துவராலும் முடியாது.

மஜ்ஜை எடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பிலோ மார்பெலும்பிலோ தடித்த ஊசியைத் திருகித் திருகி இறக்குவார்கள். எலும்பின் மேலோடு கடினம். உள்ளே கடற்பஞ்சு போல. ஓட்டைத் தாண்டியதும் ஊசியின் பிடி சட்டென்று தளரும். பிஸ்டனை இழுத்தால் கெட்டியான ரத்தம் வரும். உற்றுப் பார்த்தால் அதில் நெய்த்துளிகள் போலக் கொழுப்பு மிதக்கும். ஓர் இடத்தில் கொஞ்சம்தான் கிடைக்கும்; ஊசியை வெளியே எடுத்துப் பக்கத்தில் மறுபடி குத்த வேண்டும். இப்படிப் பல தடவை. பெறுபவருக்கு அறுவை எதுவும் கிடையாது. வடிகட்டி, கை ரத்தக்குழாயில் ரத்தம் ஏற்றுவது போல ஏற்றுவார்கள். அந்த அணுக்கள் ரத்தத்தோடு சுற்றி, எவரும் வழிகாட்டாமல், தாங்களாகவே எலும்புக்குள் போய்க் குடியேறும். இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

விபத்து நடந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, மோசமாகப் பாதிக்கப்பட்ட ஐந்து பேருக்கும் மஜ்ஜை செலுத்தப்பட்டது. ஒருவர் இறந்தார். மற்ற நால்வரின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. சோதித்துப் பார்த்தபோது, கொடுத்தவரின் ரத்த அடையாளத்தைச் சுமந்த சிவப்பணுக்கள் பெற்றவரின் உடலில் ஓடிக்கொண்டிருந்தன. வேறொரு மனிதரின் விதை முளைத்திருந்தது.

பிறகு வாரங்கள் போகப் போக அந்த அணுக்கள் குறைந்து மறைந்தன. அந்த இடத்தில் நோயாளிகளின் சொந்த மஜ்ஜை மெல்லத் தலைதூக்கியது. விருந்தாளி வந்தார், அடுப்பை மூட்டிச் சமைத்துப் போட்டார், வீட்டுக்காரர் எழுந்ததும் புறப்பட்டுவிட்டார். நால்வரும் ஊர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான பெண், பின்னர் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றெடுத்தார்.

மஜ்ஜைதான் அவர்களைக் காப்பாற்றியதா? மஜ்ஜை கொடுக்காமலே பிழைத்திருப்பார்கள் என்று வாதிட்டவர்கள் உண்டு. கதிர்வீச்சு அவர்களின் மஜ்ஜையை முழுதாக அழிக்கவில்லை என்பது உண்மை. அழித்திருந்தால் சொந்த ஊற்று திரும்பியிருக்காது. என் எண்ணத்தில், அந்த வாதம் எப்படி முடிந்தாலும் அந்த ஐந்து பேரின் கொடை ஒரு அணுவளவும் குறையாது.

மாத்தேயை வாட்டியது வேறு கேள்வி. விருந்தாளி ஏன் சண்டையில்லாமல் போனார்? நிரந்தரமாகத் தங்கினால் என்ன ஆகும்?

இந்தத் தொடரின் இரண்டாம் வாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விஸ்கான்சினில் ரே ஓவன் 1945-ல் கண்ட இரட்டைக் கன்றுகள். தாயின் வயிற்றில் ரத்தக்குழாய் இணைந்திருந்ததால், பிறந்து வளர்ந்த பிறகும் ஒன்றின் ரத்தத்தில் மற்றொன்றின் அணுக்கள் குடியிருந்தன; சண்டை இல்லை. பிறகு லண்டனில் மெடாவர், பில்லிங்ஹாம், பிரென்ட் மூவரும் 1953-ல் செய்த சோதனை. பழுப்பு எலியின் வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு வெள்ளை எலியின் அணுக்களை ஊசியில் செலுத்தினார்கள். குட்டிகள் பிறந்து எட்டு வாரமானதும் வெள்ளை எலியின் தோலை ஒட்டினார்கள். ஐந்தில் மூன்று குட்டிகள் அதை ஏற்றுக்கொண்டன. பழுப்பு முதுகில் வெள்ளை முடி முளைத்த ஒரு திட்டு. அந்தத் திட்டு சொன்ன சேதி: அந்நியன் என்று உடல் விரட்டுவது பிறவி விதி அல்ல, அது கற்றுக்கொள்வது. ஆகவே வேறு மாதிரியும் கற்றுக்கொள்ள முடியும்.

வளர்ந்த எலியிலும் அது நடந்தது. 1955-ல் மெயின், பிரென் இருவரும் கதிர்வீச்சு கொடுத்த எலிக்கு வேறு இன எலியின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். அந்த எலி, மஜ்ஜை தந்த இனத்தின் தோலையும் தன் தோலாக வைத்துக்கொண்டது. மஜ்ஜையோடு சகிப்பும் கூடவே வந்து இறங்கியிருந்தது.

ஆனால் சில வாரங்களில் அதே மாதிரி எலிகள் வேறொரு நோயில் விழுந்தன. முடி சிலிர்த்து, முதுகு கூனி, வயிற்றுப்போக்கில் எடை கரைந்து, தோல் உரிந்து செத்தன. கதிர்வீச்சில் பிழைத்தவை அதற்குப் பின்னால் வந்த ஏதோ ஒன்றில் மாண்டன. பெயர் தெரியாமல் ‘இரண்டாம் நோய்’ என்றே அழைத்தார்கள். பில்லிங்ஹாமும் பிரென்ட்டும், கோபன்ஹேகனில் சைமன்சனும் 1957 வாக்கில் அதன் முகத்திரையை விலக்கினார்கள். அதுவரை எல்லோரும் வீட்டுக்காரன் விருந்தாளியை விரட்டுவதைப் பற்றியே கவலைப்பட்டார்கள். மஜ்ஜை சாதாரண விருந்தாளி அல்ல. அது தன்னோடு ஒரு படையையே கூட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் படைக்கு, புகுந்த வீடு முழுவதுமே அந்நியம். தோல், குடல், கல்லீரல், எதைப் பார்த்தாலும் எதிரி. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்களே, இங்கே மடத்தையே இடித்துவிடும்.

தோலும் சிறுநீரகமும் வாங்குபவருக்கு ஒரு கேள்விதான்: என் உடல் இதை ஏற்குமா? மஜ்ஜை வாங்குபவருக்கு இரண்டு: நான் அதை ஏற்பேனா, அது என்னை ஏற்குமா?

வின்ச்சாக்காரர்கள் இரண்டாம் கேள்வியைச் சந்திக்கவே இல்லை. அவர்களின் விருந்தாளி அதற்குள் போய்விட்டார். அதைச் சந்தித்தவர் வேறொருவர். அவரும் ஒரு மருத்துவர். வயது 26. ரத்தப் புற்றுநோய்.

அந்த இளைஞருக்கு மாத்தே, உடல் முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்துச் சொந்த மஜ்ஜையை அழித்தார். பிறகு அவருடைய நெருங்கிய உறவினர் ஆறு பேரின் மஜ்ஜையையும் சேர்த்துச் செலுத்தினார். யாருடையது பொருந்தும் என்று முன்கூட்டி அறிய அன்று வழி இல்லை. ஆறையும் அனுப்பினால் பொருந்துவது தங்கும் என்று கணக்கிட்டார். சுயம்வரம் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. உடலே மாலையிட வேண்டும்.

மாலை விழுந்தது. சகோதரர் ஒருவரின் மஜ்ஜை வேர் பிடித்தது. இளைஞரின் உடலில் அந்தச் சகோதரரின் ரத்தம் ஊறியது. மாத்தே அடுத்த சோதனையைச் செய்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் லண்டனில் எலியின் முதுகில் செய்த அதே சோதனை. சகோதரரின் தோலில் ஒரு துண்டை எடுத்து இளைஞரின் மேல் ஒட்டினார்.

ஒட்டு மாங்கன்று கட்டிய கைகளுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். கட்டைப் பிரிக்காமல், பச்சை நிற்கிறதா வாடுகிறதா என்று தினமும் போய்ப் பார்ப்பது. மனிதரில் அந்நியத் தோல் ஒன்றிரண்டு வாரங்களில் கருத்து உதிர்ந்துவிடும் என்பது மெடாவர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்.

சகோதரரின் தோல் கருக்கவில்லை. அங்கேயே வாழ்ந்தது.

1963-ல் மாத்தே இதை வெளியிட்டபோது அந்த இளைஞரை ‘கிமீரா’ என்று குறிப்பிட்டார். கிரேக்கப் புராணத்தில் சிங்கத் தலையும் ஆட்டு உடலும் பாம்பு வாலும் கொண்ட பிராணி அது. நம் கோயில் தூண்களில் சிங்க உடலும் தும்பிக்கையுமாக நிற்கும் யாளியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உயிர்கள் ஓர் உடலில் சண்டையின்றி இருப்பதும், அந்த இணக்கமே சகிப்பைத் தருவதும் மனிதரில் முதன்முதலாகத் தெளிவாகக் காட்டப்பட்டது.

சண்டையே இல்லை என்று நான் எழுதியது முழு உண்மை அல்ல. இரண்டாம் நோய் வந்தது. சகோதரரின் அணுக்கள் இளைஞரின் உடலைத் தாக்கின. மருந்துகளால் அதை அடக்கினார்கள். புற்றுநோய் திரும்பவில்லை. வந்த படை புற்று அணுக்களையும் அந்நியராகக் கண்டு அழிக்கிறது என்று மாத்தே ஊகித்தார். அந்த ஊகம் பிற்காலத்தில் மெய்யானது. மாதங்கள் கடந்தன. 20 மாதங்கள். பிறகு சின்னம்மை, அக்கி இரண்டையும் உண்டாக்கும் வைரஸ் அவருடைய மூளையைத் தாக்கியது. இறந்தார். புற்றுநோயை வென்ற உடலில், சாதாரணமாக நம் எல்லோரிடமும் வந்துபோகும் ஒரு கிருமியைத் தடுக்க ஆள் இல்லை.

உறவினர் ஆறு பேரும் தங்கள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருடைய உயிரணுக்கள் அந்த உடலோடு புதைந்தன. அந்தச் சகோதரருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இந்த அத்தியாயத்தை எழுதும் நாட்களில் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

அதன் பிறகு வந்தவை இருண்ட ஆண்டுகள். அறுபதுகளின் இறுதிவரை உலகெங்கும் செய்யப்பட்ட மஜ்ஜை மாற்றங்கள் சுமார் 200. ஏறக்குறைய எல்லாம் தோல்வி. ஒன்று மஜ்ஜை ஒட்டவில்லை, அல்லது ஒட்டிய மஜ்ஜையே கொன்றது. எலியில் நடப்பது மனிதரில் நடக்கவே நடக்காது என்று பலர் இந்தத் துறையைவிட்டு விலகினார்கள். விலகாதவர்களில் ஒருவர் டோனல் தாமஸ். அவர் 1963-ல் சியாட்டிலுக்குப் போனார், நாய்களோடு உட்கார்ந்தார்.

பாரிஸிலேயே விடை இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்தும் இடம். வின்ச்சாவில் விபத்து நடந்த அதே 1958-ல், அதே நகரத்தில் ஜான் டோசே என்ற ரத்த மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். பல தடவை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் ரத்த நீர், சிலருடைய வெள்ளையணுக்களைத் திரளச் செய்தது, சிலருடையதைச் செய்யவில்லை. அப்படியானால் வெள்ளையணுக்களுக்கும் வகை உண்டு. தன் ஆய்வுக்கு உதவியவர்களின் பெயர் எழுத்துகளைச் சேர்த்து அந்த அடையாளத்துக்கு ‘மாக்’ என்று பெயரிட்டார். இன்று எச்.எல்.ஏ. என்று நாம் சொல்லும் திசு அடையாளங்களில் மனிதன் கண்ட முதல் அடையாளம் அது. சிவப்பணுவில் அந்த அடையாளம் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் ரத்தம் கொடுக்க அது தேவைப்படுவதில்லை. மற்ற உயிரணுக்கள் ஏறக்குறைய எல்லாமே அதைச் சுமக்கின்றன. நம் படை ‘இவன் நம்மவன்’ என்று அறிவது அதைப் பார்த்துத்தான்.

பூட்டு ஒரு மருத்துவமனையில், சாவி அதே ஊரில் இன்னொரு மருத்துவரின் கையில். இரண்டும் சந்திக்கப் பத்தாண்டுகள் ஆயின.

சந்தித்த இடங்களில் ஒன்று சியாட்டிலின் நாய்க்கூடம். ஒரே ஈற்றில் பிறந்த நாய்க்குட்டிகளில் திசு அடையாளம் பொருந்தியவற்றைப் பொறுக்கி, தாமஸின் குழு மஜ்ஜை மாற்றியது. பொருந்தாத ஜோடிகள் செத்தன. பொருந்தியவற்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைச் சில மாதங்கள் கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் அவற்றில் பல ஓடியாடித் திரிந்தன. மருந்து நின்ற பிறகும் சண்டை வரவில்லை! சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் பெரும்பாலும் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மஜ்ஜையில் மட்டும், ஆரம்ப மாதங்களைக் கடந்துவிட்டால், இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கற்றுக்கொள்கின்றன. எப்படிக் கற்கின்றன என்பதற்கு மார்புக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் என்ற சின்னச் சுரப்பி வரை போக வேண்டும். அதற்கு ஒரு வாரம் தனியாக ஒதுக்கியிருக்கிறேன்.

கூடப்பிறந்தவர்களுக்குள் அடையாளம் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. தாயிடமிருந்து ஒரு பாதி, தந்தையிடமிருந்து ஒரு பாதி என்று வருவதால் அந்தக் கணக்கு.

1968. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனை. ராபர்ட் குட் என்ற மருத்துவரின் முன்னால் ஐந்து மாத ஆண் குழந்தை. அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஆண் குழந்தைகள் தொற்றுநோயில் இறந்துகொண்டே இருந்தார்கள். பெண் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோய் தாய்வழியே வந்து மகன்களை மட்டும் எடுத்துக்கொண்டது. இந்தக் குழந்தைக்கும் நோய் எதிர்ப்புப் படை என்று ஒன்று பிறக்கவே இல்லை.

குட் அந்தக் குறையையே வழியாகப் பார்த்தார். படை இல்லாத உடலால் விருந்தாளியை விரட்ட முடியாது. கதிர்வீச்சு வேண்டாம். முதல் கேள்விக்கு இயற்கையே பதில் சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டாவது கேள்விதான்: வரும் விதை இந்த நிலத்தை ஏற்குமா?

குழந்தைக்கு அக்காக்கள் இருந்தார்கள். திசு அடையாளத்தைச் சோதித்தார்கள். ஓர் அக்காவின் அடையாளம் ஏறக்குறைய முழுதும் பொருந்தியது. ஆகஸ்ட் மாதத்தில் அவளுடைய மஜ்ஜையை எடுத்துத் தம்பியின் வயிற்றுக்குள் செலுத்தினார்கள்.

நாட்கள் போயின. குழந்தையின் உடலில் தடிப்பு கிளம்பியது. எல்லோரும் பயந்த இரண்டாம் நோய்! ஆனால் அது லேசாகவே வந்து தணிந்தது. அதுவரை வெறுமையாக இருந்த ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் தோன்றின. சோதித்தார்கள். பெண் குரோமோசோம் கொண்ட அணுக்கள். அக்காவின் அணுக்கள் தம்பியின் உடலில் காவலுக்கு நின்றன.

கொண்டாடியிருக்க வேண்டிய அந்த நாட்களில் குழந்தையின் ரத்த எண்ணிக்கை சரியத் தொடங்கியது. சிவப்பணு குறைந்தது. தட்டணு குறைந்தது. தோலில் தடிப்பு இல்லை, குடலில் நோய் இல்லை. மஜ்ஜையைச் சோதித்தால், அது காலியாகிக்கொண்டிருந்தது.

திசு அடையாளம் பார்த்தவர்கள், சாதாரண ரத்த வங்கியில் எழுதிவைக்கும் ஒரு விவரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள்.

தம்பியின் ரத்த வகை ‘ஏ’. அக்காவின் ரத்த வகை ‘ஓ’.

(தொடரும்)